நாய் வளர்க்காத தெரு

புளியவலசையில் அந்தக் கோடையில் தன் உடம்பில் புழு இருக்கிறதா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. பக்கத்துத் தெருவில் தங்கள் தெருவைவிட அதிகமாக இருக்க வேண்டுமே என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

1994ஆம் வருஷம். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து, பெரியவர் சிறியவர் எல்லோரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். நாயின் குடலில் இருக்கும் ஒரு உருண்டைப்புழு மனிதருக்குள்ளும் வருகிறதாம். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று தெரிய வேண்டுமாம். மிளகாய் விலையையும் ஆட்டு விலையையும் விட்டால் பேச வேறு விஷயமே இல்லாத ஊருக்கு இது போதாதா? பால்சாமியின் டீக்கடையில், ஓட்டுப் பெட்டியைத் திறக்கப்போகிறவர்கள் மாதிரி காத்துக் கிடந்தார்கள்.

"ஏலே, நாயி நம்ம கூடவே பொறந்து நம்ம கூடவே சாகுது. நமக்குப் பழகுன புழு. அது ஒண்ணும் செய்யாது" என்றார் மேலத்தெரு வீரையா. கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரர் தெருவில் தாங்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பதாகச் சொன்னார்கள்; காய்ச்சியதை யாரும் பார்த்ததில்லை. பள்ளிவாசல் தெருவில் வாயே திறக்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது என்று தெரிந்தவர்கள் எதற்குப் பேச வேண்டும்? அந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூட நாய் கிடையாது.

அந்தத் தெருவிலும் எல்லோரையும்விட நிச்சயமாக இருந்தவள் குல்சும். கடற்கரையில் பிறந்து, கடலைக் கண்ணால் பார்க்க முடியாத இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்த வீட்டில், நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவுவார்கள். அதில் ஒரு தடவை மண் போட்டுத் தேய்ப்பார்கள். மார்க்கத்தில் சொன்ன முறை. புகுந்த ஊரில் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தார்கள். குல்சும் மட்டும் விடவில்லை. எதிர்வீட்டு நாய் பால் செம்பை மோந்து பார்த்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூடப் போதும், ஊருணிக் கரைக்குப் போய் மண் எடுத்துவந்து, தேய்த்து, ஏழு தடவை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அந்த எதிர்வீட்டு நாய்க்குச் செவலை என்று பெயர். வீரையாவின் நாய். மேலத்தெருவின் கடைசி வீடும் பள்ளிவாசல் தெருவின் முதல் வீடும் ஒரு சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. வீரையாவின் மனைவி செவ்வந்திதான் தினமும் காலையில் சந்தின் குறுக்கே வந்து பால் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு உடனே போகவும் மாட்டாள்.

"ஏன்டி குல்சும், இப்படித் தேச்சேன்னா செம்பு போயி ஓட்டைதான் மிஞ்சும்."

"ஓட்டை விழுந்தா உங்க வீட்டுல ஒண்ணு வாங்கிக்கிறேங்க்கா."

"வாங்கு, வாங்கு. அதுவும் எங்க செவலை நக்குனதுதான்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். குல்சுமின் ஆறு வயது மகள் நூர் நிஷாவும் ஏன் என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது அவளுடைய இடது கண் மட்டும் மூக்குப் பக்கமாக ஒதுங்கும். அது அந்த வருஷம்தான் வந்தது. மாறுகண் ராசி என்று தெருவே சொல்லிவிட்டதால், குல்சுமும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டரம்மா மறுபடி வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் திருவிழாக் கூட்டம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் யாருக்கு என்று பொதுவில் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு தனியாகச் சொல்கிறேன் என்றார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

"எந்தத் தெருவுல அதிகம்? அதையாவது சொல்லுங்கம்மா" என்றார் பால்சாமி. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"மூணு தெருவுலயும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பள்ளிவாசல் தெருவுல கம்மியா இருக்கும்னு நெனச்சுத்தான் நானும் வந்தேன். அப்படி இல்ல."

தோற்றிருந்தால்கூடக் கூட்டம் தாங்கியிருக்கும். ஒரே அளவு என்பதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா பாவம், அதைக் கவனிக்காமல் விளக்கிக்கொண்டே போனார். நாயைத் தொட்டால் வராது. குட்டி நாய்களின் மலத்தில் புழுவின் முட்டை இருக்கும். அது மண்ணில் கலந்து, வெயில் படாத ஈரமான இடமாக இருந்தால் வருஷக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். மண் தின்னும் பிள்ளைகளுக்கு, மண் பட்ட கையை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு உள்ளே போகும். பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. எங்கோ ஒரு பிள்ளைக்குக் கண்ணுக்குள் ஏறிவிடும்.

குல்சும் இதில் பாதியைத்தான் கேட்டாள். ஏனென்றால் பேசிக்கொண்டே டாக்டரம்மாவின் பார்வை நூர் நிஷாவிடம் வந்து நின்றுவிட்டது. கூட்டம் கலைந்ததும் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, பிள்ளையின் இடது கண்ணில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ ரத்தத்துல இருக்கும்மா. கண்ணுக்குள்ள வெள்ளையா ஏதோ தெரியுது, அதுவும் அதாத்தான் இருக்கும். இந்த மாசத்துக்குள்ள மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. வைத்தியம் இருக்கு. விட்டுட்டா பார்வை போயிரும், போனா திரும்ப வராது."

குல்சும் தலையை ஆட்டினாள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தத் தலையாட்டல் பாதியாகக் கரைந்துவிட்டது.

குல்சுமின் புருஷன் சவூதியில் இருந்தான். வீட்டில் அவனுடைய அக்கா காலிதா வைத்ததுதான் சட்டம். சின்ன வயதில் புருஷனை இழந்து, தம்பியை ஆளாக்கி, அவனுக்குக் கல்யாணமும் முடித்துவைத்தவள். நல்லவள்தான், தான் சொன்னதை மாற்றிச் சொன்னதாக மட்டும் சரித்திரம் இல்லை.

"நம்ம வீட்டுப் புள்ளைக்கு நாய்ப்புழுவா? இந்த வீட்டு வாசப்படி ஏறுன நாயி உண்டா? ரத்தம் மாறிப்போச்சு. மேலத்தெரு ரத்தத்தை நம்ம கணக்குல சேத்துட்டாங்க."

"மதினி, கண்ணு..."

"மாறுகண்ணு ராசி. மதுரைக்குப் போயி நாய்ப்புழுன்னு படுக்க வச்சியன்னா ஊரு முழுக்கத் தெரிஞ்சுபோகும். நாளைக்கு இவளைப் பொண்ணு கேட்டு வர்றவுக காதுல விழுந்தா என்ன சொல்லுவ?"

பெண் கேட்டு வருவார்கள் என்று சொல்லப்பட்டவள், விழுந்துவிட்ட முன்பல்லின் ஓட்டை வழியாக நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலிதா தடுத்ததால் குல்சும் நின்றுவிட்டாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். காலிதா சொன்னதை அவளும் நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. ரத்தம் மாறவில்லை என்றால் இத்தனை வருஷம் அவள் தேய்த்தது, கழுவியது எல்லாம் எதற்கு? அந்தக் கேள்வியை எதிரே நிறுத்திப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை செவ்வந்தி பாலோடு வந்தபோது காலிதாதான் வாசலில் நின்றாள்.

"உங்க நாயைக் கொஞ்சம் அடக்கி வையுங்க. அதால எங்க புள்ள கண்ணுக்கு ஆகாதுங்கிறாக."

செவ்வந்தி பால் செம்பை இடுப்பில் அணைத்தபடி அப்படியே நின்றாள். "எங்க நாயி உங்க வாசல மிதிச்சிருக்கா? விடிஞ்சா அடைஞ்சா விளக்குமாத்தோட நிக்கிறீக. பின்ன எங்கிட்டுக் கூடி வந்துச்சாம்? இப்பத்தான் ரத்தம் மாறிப்போச்சுன்னீகளாம், தெருவுல பேசிக்கிட்டாக. மாறிப்போன ரத்தத்துக்கு எங்க நாயி என்ன பண்ணும்?"

நியாயமான கேள்வி. அதனாலேயே காலிதாவுக்குக் கோபம் வந்தது. பேச்சு நின்றது, பாலும் நின்றது. அடுத்த நாளிலிருந்து வீட்டில் பால்மாவு டீ. குல்சுமுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பால் இல்லாதது பெரிய குறை இல்லை. காலையில் அந்தச் சிரிப்பு இல்லாமல் பொழுது விடிந்த மாதிரியே இல்லை. பின்ன எங்கிட்டுக் கூடி வந்துச்சாம் என்று செவ்வந்தி கேட்டதும் அவளை விடவில்லை.

டாக்டரம்மா சொன்ன மாசத்தில் பாதி போய்விட்டது. ஒருநாள் மத்தியானம் நூர் நிஷா ஒற்றைக் கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து விளையாடினாள். நேராகப் போய்த் தூணில் முட்டினாள். அழவில்லை, விளையாட்டு என்றே நினைத்தாள். குல்சும் ஓடிவந்து, அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, தன் உள்ளங்கையால் அந்த வலது கண்ணை மூடினாள். ஒரு வாழைப்பழத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்னத்தா?"

"இருட்டா இருக்கு உம்மா. கைய எடு."

குல்சும் கையை எடுத்தாள். பழத்தைப் பார்த்ததும் பிள்ளை பிடுங்கித் தின்றது. குல்சும் ராசி என்று சொல்லிச் சொல்லி, பெற்ற பிள்ளையின் ஒரு கண் அணைந்துகொண்டிருந்ததைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மனசு தாங்காதபோது அவள் எப்போதும் செய்வது ஒன்றுதான். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். வேறு வீட்டில் பால் வாங்கிப் பார்ப்போம் என்று காலையில் வெளியே வைத்த செம்பைத் தெருநாய் ஒன்று உருட்டியிருந்தது. மண் எடுக்க ஊருணிக்குப் போனாள். பிள்ளை பின்னாலேயே வந்தது.

ஊருணிக் கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில்தான் மண் எடுப்பாள். வந்த புதிதில் கரை முழுவதும் தேடி அவளே கண்டுபிடித்த இடம். கருப்பாக, மாவு மாதிரி மெத்தென்று, எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்கும். பாத்திரத்தில் கீறல் விழாது. அவள் எடுப்பதைப் பார்த்துப் பள்ளிவாசல் தெரு முழுவதும் அங்கே எடுக்க ஆரம்பித்தது. பிறகு மேலத்தெருவும், வேதக்காரர் தெருவும். காலிதா மீன்சட்டி தேய்ப்பதும் அந்த மண்ணில்தான். எல்லோரும் எடுத்து எடுத்து மரத்தடியில் நல்ல ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது.

அந்தக் குழியின் உள்பக்கம், இதுவரை அவள் குனிந்தே பார்த்திராத வேரடிப் பொந்தில் செவலை படுத்திருந்தது. வயிற்றோரம் குட்டிகள் முண்டிக்கொண்டு பால் குடித்தன. இது புது ஈற்று. பொந்தின் ஓரமெல்லாம் பழைய காலடித் தடமும் காய்ந்த மலமுமாக இருந்ததைப் பார்த்தால், முந்தைய ஈற்றும் அதற்கு முந்தையதும் இங்கேதான் என்று தெரிந்தது. கோடை வெயிலுக்கு இதைவிடக் குளிர்ச்சியான இடம் அந்த ஊரில் ஒரு நாய்க்கு எங்கே கிடைக்கும்?

நூர் நிஷா எப்போதும்போல் குழி ஓரத்தில் குந்தினாள். ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி வாயில் போட்டாள்.

இதைக் குல்சும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மண்ணுதின்னி என்று செல்லமாகத் திட்டியிருக்கிறாள். இப்போது செம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். பிள்ளை பயந்து கத்தியது.

வெயில் படாத ஈரமான இடம். டாக்டரம்மா சொன்னதில் காதில் விழாமல் போனது இப்போது வந்து விழுந்தது. பிறந்த வீட்டில் மண் எடுத்தது வேறு இடத்தில். கடற்கரை மேட்டில், கால் வைத்தால் கொப்பளிக்கும் வெள்ளை மணல். சுத்தமான மண்ணாகப் பார்த்து எடு என்று வாப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். மண் என்பது அவளுக்கு நினைவிருந்தது. சுத்தமான என்பது மறந்துபோனது. நாயின் எச்சிலைக் கழுவுகிறேன் என்று நாய் ஈன்ற மண்ணைத் தினம் தினம் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் விளக்குமாற்றோடு காவல், கையில் அந்த மண். நாய் வளர்க்காத தெருவுக்கு நாய்ப்புழு வந்த வழி இதுதான்.

அவள் வீட்டுக்குப் போய் காலிதாவிடம் எதுவும் விளக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழி ஓரத்தில் நிறுத்தினாள். காலிதா நாயைப் பார்த்தாள், குட்டிகளைப் பார்த்தாள், காலையில் மீன்சட்டி தேய்த்த தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாங்கூட இங்கனதான எடுக்கேன்" என்றாள் மெதுவாக.

"ஊரே இங்கனதான் எடுக்குது மதினி. புள்ளைக்கு அந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியல. நான் பாத்துட்டேன். நீங்க வேணாம்னாலும் நாளைக்கு நான் போறேன்."

குல்சும் அந்த வீட்டில் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. காலிதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு, "மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். அதற்கும் பிறகு, "நீ ஒத்தையில போயி மதுரையில திண்டாடுவ. செவ்வந்திக்குத்தான் வழி தெரியும். அவ தம்பி அங்கனதான இருக்கான்."

"அவுக கூடத்தான் பேச்சே இல்லையே."

"பேச்ச நிறுத்துனது நாந்தான. நானே போறேன்."

போனாள். கையை வீசிக்கொண்டு போக முடியாமல், கீழே கிடந்த செம்பை எடுத்துக்கொண்டு போனாள். செவ்வந்தி முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பால் இருக்கா?" என்றாள் காலிதா.

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு ஊத்துற பாலை வேற யாருக்கும் ஊத்தல. தயிராத்தான் கெடக்கு" என்றாள். காலிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே வந்த குல்சும் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்கச் செவ்வந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க செவலையாலதான்னு ஆயிருச்சே தாயி. நான் வேற என்ன பேச்சுப் பேசிப்புட்டேன்" என்றாள்.

"நான் குழியத் தோண்டி வச்சதாலதாங்க்கா உங்க செவலை அங்கன வந்துச்சு."

"அப்ப ஆளுக்குப் பாதி" என்று மூக்கைச் சிந்தினாள் செவ்வந்தி. அவளுடைய கடைக்குட்டியின் ரத்தத்திலும் இருப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்பதால் சும்மா இருந்துவிட்டாள். இனி சும்மா இருக்கப் போவதில்லை. அவனையும் மதுரைக்குக் கிளப்பினாள்.

மதுரையில் கண் டாக்டர் நூர் நிஷாவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். குல்சுமின் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரேயடியாகத் தாமதமும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தார். புழுவால் வந்த வீக்கம் வடிந்தால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, விடாமல் வர வேண்டும் என்றார். விடாமல் போனார்கள். போகும்போதெல்லாம் செவ்வந்தியும் கூடவே போனாள். நல்ல கண்ணை மூடிக் கேட்டால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் இருட்டு என்றுதான் சொன்னது. திரும்பும் பஸ்ஸில் குல்சும் பரமக்குடி வரை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வருவாள். செவ்வந்தி ஒரு முழ மல்லிகையைப் பாதியாகக் கிள்ளி அவள் கையில் வைப்பாள்.

அதற்குள் ஊரிலும் சில காரியங்கள் நடந்தன. வீரையா செவலையையும் குட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றி, முதுகுளத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் புழு மருந்து கொடுத்துவந்தார். நாய்க்கு வண்டியா என்று பால்சாமி கிண்டல் செய்தார். ஆனால் புங்கமரத்துக் குழியில் சுண்ணாம்புக் கல் போட்டு மூடியபோது முதல் கூடையைச் சுமந்தவரும் அவர்தான். காலிதா தன் பங்குக்கு, கடற்கரை ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் சாக்கைக் கொடுத்துவிட்டாள். வெயிலில் வெந்த மணல் மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் வந்து இறங்கியது. மேலத்தெருக்காரர்களும் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் மறுபடி மதுரை. அன்று டாக்டர் எழுத்து அட்டையைக் காட்டவில்லை. நூர் நிஷாவின் வலது கண்ணை மூடிக் கட்டிவிட்டு, ஜன்னலோரம் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்து, அசையாமல் நில்லுங்கள் என்று சைகை காட்டினார்.

"அங்க என்ன தெரியுது பாப்பா?"

பிள்ளை இடது கண்ணைச் சுருக்கியது. இருட்டு என்று சொல்லப்போகிறாள் என்று குல்சும் மனசைத் தயார் செய்துகொண்டாள்.

"ரெண்டு பேரு நிக்கிறாக."

டாக்டரின் பேனா நின்றது. "யாரு யாரு?"

"தெரியல. மங்கலா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அதுல உங்க உம்மா யாரு?"

நூர் நிஷா நிறைய யோசித்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, நிச்சயமாக, செவ்வந்தியைக் காட்டினாள்.

குல்சும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செவ்வந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்.

"எழுதிக்கங்க சார். புள்ளைக்குக் கண்ணு தெரியுது."